மடியில் கற்ற மொழி: அகுஸ்தீனார் நூல்களுக்கு ஒரு வாயில்

சங்க மலர்களில் வள்ளுவரையும் இளங்கோவடிகளையும் கம்பரையும் பாரதியாரையும் பற்றிய கட்டுரைகளை ஆண்டுதோறும் படித்து மகிழ்ந்து வருகிறோம். அவ்வரிசையில், வட ஆப்பிரிக்காவில் 1,600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிறித்தவ ஆயர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவது பொருந்துமா என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். பொருந்தும் என்பதே நம் துணிபு. புனித அகுஸ்தீனாரின் பெயர் நம்மில் பலருக்கு முற்றிலும் புதிதன்று. பழைய கோவாவுக்குக் குடும்பத்தோடு சென்று வந்தவர்கள் இடிந்து நிற்கும் உயர்ந்த கோபுரம் ஒன்றைக் கண்டிருப்பார்கள். அது 1602-இல் கட்டி முடிக்கப்பட்ட அகுஸ்தீனார் ஆலயத்தின் எச்சம். 2025-இல் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பதினான்காம் லியோ, அவர் பெயரால் விளங்கும் துறவற சபையைச் சேர்ந்தவர் என்பதையும் நாளேடுகளில் படித்திருப்போம். பெயர் தெரியும், நூல்கள் தெரியா. அந்த இடைவெளியைச் சிறிதேனும் குறைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் இறையியல் பயின்றவர் அல்லோம். அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில் ஆங்கில மொழிபெயர்ப்புகளின் வழியாக அகுஸ்தீனாரைப் படித்த இலக்கிய வாசகர் என்ற உரிமையிலேயே எழுதுகிறோம். எச்சமயத்தைச் சார்ந்தவரும், எச்சமயத்தையும் சாராதவரும் அவரைப் படிக்கலாம். இடர் வேறொன்று: எங்குத் தொடங்குவது? அவர் எழுதியும் சொல்லியும் வைத்தவற்றுள் இன்று கிடைப்பவை ஐம்பது லட்சம் சொற்களுக்கு மேற்பட்டவை. அறிமுக நூல்கள் பலவும் முதற்பாவம், முன்குறிப்பு, மூவொரு கடவுள் என்னும் கடினமான கோட்பாடுகளையே முதலில் எடுத்துவைத்துப் புதியவரை மிரட்டிவிடுகின்றன. நாம் வேறு வாயிலைக் காட்ட விரும்புகிறோம். ஒரு குழந்தை தாய்மொழியை எப்படிக் கற்கிறது என்று கேட்ட அகுஸ்தீனாரிடமிருந்து தொடங்கலாம். தமிழ் மண்ணுக்கு வெளியே பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அதைவிட அண்மையான கேள்வி எது?

முதலில் வாழ்க்கையைச் சுருக்கமாகக் காண்போம். 354 நவம்பர் 13-ஆம் நாள் தகாஸ்தே என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இன்று அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் என வழங்கும் ஊர் அது. தந்தை பத்ரீசியுஸ், சிறு நிலக்கிழார். ஊர் மன்றத்தில் இடம் பெற்றிருந்தும் கையில் பணம் புரளாதவர். தாய் மோனிக்கா, கிறித்தவர். மகனின் படிப்பின் மீதே அக்குடும்பம் தன் எதிர்காலம் முழுவதையும் வைத்தது. பணமின்மையால் பதினாறாம் வயதில் ஓராண்டு படிப்பு நின்றது. பின்னர் ஊர்ச்செல்வர் ரொமானியானுஸ் கைகொடுக்க, கார்த்தேஜ் சென்று பயின்றார். அங்கு நாவன்மைக் கலை கற்பிக்கும் ஆசிரியரானார். 383-இல் கடல் கடந்து உரோமைக்குப் போனார். மறு ஆண்டே மிலான் நகரில் அரசுச் சம்பளம் பெறும் பேராசிரியரானார். 386-இல் உள்ளம் திரும்பி, 387-இல் ஆயர் அம்புரோசியார் கையால் திருமுழுக்குப் பெற்றார். மறு ஆண்டு சொந்த நாடு மீண்டார். 391-இல் ஹிப்போ நகர மக்கள் அவரைப் பிடித்து நிறுத்திக் குருவாக்கிவிட்டனர். சில ஆண்டுகளில் அந்நகரின் ஆயராகி, 430 ஆகஸ்ட் 28 அன்று, வண்டாலர் படை நகரை முற்றுகையிட்டிருந்த நாட்களில், காலமானார். சலுகையும் சிபாரிசும் தேடி, ஊர் ஊராகப் பணி மாறி, மேலிடத்தில் ஒரு பதவி கிடைக்காதா என்று ஏங்கிய முப்பது வயது அகுஸ்தீனாரை மாற்றல் உத்தரவுகளோடு வாழும் நம்மவர் எளிதில் அடையாளம் கண்டுகொள்வர்.

397-ஆம் ஆண்டையொட்டி, ஆயராகிச் சிறிது காலத்திற்குள், அவர் எழுதத் தொடங்கிய நூல் இலத்தீனில் ‘கன்ஃபெஸ்ஸியோனெஸ்’ எனப்படுவது. பதின்மூன்று புத்தகங்களாகப் பகுக்கப்பட்டது. ‘ஒப்புதல்கள்’ என்று இக்காலத் தமிழில் சொல்லலாம். ஆனால் அச்சொல் பாதிப் பொருளையே தருகிறது. இலத்தீன் சொல்லுக்குக் குற்றத்தை ஏற்றுரைத்தல் என்றும் இறைவனைப் புகழ்ந்துரைத்தல் என்றும் இரு பொருள் உண்டு. இதை அகுஸ்தீனாரே தம் மறையுரைகளில் பலமுறை விளக்கியிருக்கிறார். இங்கே நம் பழைய கத்தோலிக்கத் தமிழ் ஒரு வியப்பைத் தருகிறது. குருவிடம் பாவங்களை வெளியிடுதலுக்கு அக்காலத்தவர் ‘பாவசங்கீர்த்தனம்’ என்று பெயரிட்டனர். கீர்த்தனம் என்பது புகழ்ந்து பாடுவது. பாவத்தைச் சொல்லும் சொல்லுக்குள்ளேயே புகழ்ச்சியும் ஒலிக்குமாறு அமைந்த அச்சொல், அகுஸ்தீனாரின் நூற்பெயருக்கு ஆங்கிலச் சொல்லைவிட நெருங்கி நிற்கிறது. அச்சொல் வழக்கொழிந்து வருவது நமக்கு ஒரு சிறு வருத்தம்.

நூலின் நடையும் அப்பெயருக்கு ஏற்றதே. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இறைவனை முன்னிலையில் விளித்தே பேசப்படுகிறது. நாம் பக்கத்தில் நின்று கேட்பவர் மட்டுமே. தேவாரமும் திருவாய்மொழியும் காதில் விழுந்து வளர்ந்த ஒருவருக்கு இந்த முன்னிலைப் பேச்சு அயலாகத் தோன்றாது. மேலை நாட்டு இளம் வாசகர் தடுமாறும் இடத்தில் நாம் தடுமாற மாட்டோம். தடுமாறுவது வேறிடத்தில். ஒரு பெரும் பாவியின் பரபரப்பான வரலாறு என்று எண்ணி எடுப்பவர் ஏமாந்து போவர். இரண்டாம் புத்தகத்தில் பதினாறு வயதுப் பையன் தோழர்களோடு சேர்ந்து அண்டைத் தோட்டத்தில் பேரிக்காய் திருடிப் பன்றிகளுக்கு எறிகிறான். அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். இதற்கா இவ்வளவு என்று நகைத்தவர் உண்டு. ஆனால் அவர் ஆராய்வது பேரிக்காயை அன்று. தனியே இருந்தால் செய்திருக்க மாட்டாத ஒன்றை, கூட்டத்தில் ஒருவனாக நின்றபோது ஏன் செய்தேன் என்பதையே. அப்படி நோக்கினால் அப்பகுதி நீளம் என்று தோன்றாது.

இனி முதற் புத்தகத்திற்கு வருவோம். பேசாத குழந்தை பேசும் குழந்தையாவது எப்படி என்று அவர் கேட்கிறார். பெரியவர்கள் ஒரு பொருளை நோக்கி அசைவதையும், அப்போது அவர்கள் எழுப்பும் ஒலியையும், முகக்குறிப்பையும் கண் அசைவையும் குரலின் ஏற்றத்தாழ்வையும் கண்டு கண்டு, இந்த ஒலி இந்தப் பொருளுக்கு என்று தானே கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைனின் மறைவுக்குப் பின் 1953-இல் வெளிவந்த நூல் இப்பகுதியை எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. மொழி என்பது பொருள்களுக்குப் பெயரிடுதல் மட்டுமோ என்று அவர் மறுத்து எழுதினார். மறுப்பதற்கேனும் ஓர் ஆயரின் குழந்தைப் பருவ நினைவு இருபதாம் நூற்றாண்டுத் தத்துவத்திற்குத் தேவைப்பட்டது.

நமக்கு அதைவிடச் சிறந்ததாகத் தோன்றுவது சற்றுப் பின்னால் வரும் பகுதி. பள்ளியில் கிரேக்க மொழி கற்பித்தார்கள். அவருக்கு அது வேம்பாகக் கசந்தது. ஹோமரின் இனிய கதைகள்கூட அவருக்கு இனிக்கவில்லை. ஏன்? தெரியாத சொற்களைப் பிரம்பின் அச்சுறுத்தலோடு கற்க வேண்டியிருந்தது. இலத்தீனும் ஒரு காலத்தில் அவருக்குத் தெரியாத மொழியே. ஆயினும் செவிலியரின் கொஞ்சலுக்கும் சுற்றியிருந்தோரின் சிரிப்புக்கும் விளையாட்டுக்கும் இடையே, ஒருவரும் அடிக்காமல், தன் உள்ளத்தில் பட்டதைச் சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பினாலேயே அதைக் கற்றுவிட்டார். மொழியைக் கற்பதற்கு அச்சமூட்டும் கட்டாயத்தைவிடத் தடையற்ற ஆர்வமே மிக்க வலிமை உடையது என்று அவர் முடிவு கூறுகிறார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை இழுத்துச் செல்லும் பெற்றோர் இப்பகுதியை ஒருமுறை படித்தல் நலம்.

பள்ளியில் அடி வாங்கிய நினைவு அவரை விட்டு அகலவே இல்லை. அடிபடாமல் காக்குமாறு சிறுவனாக இறைவனை வேண்டியதையும், தழும்புகளைக் கண்டு பெற்றோரும் சிரித்ததையும் நாற்பது வயதிற்குப் பின் எழுதும்போதும் அவரால் மன்னிக்க முடியவில்லை. முதுமையில் எழுதிய ‘கடவுளின் நகரம்’ என்னும் பெருநூலின் பிற்பகுதியிலும், மீண்டும் குழந்தையாகும்படி ஒருவரைக் கேட்டால் அதைவிடச் சாவே மேல் என்றுதான் சொல்வார் என்ற கருத்துத் தலைகாட்டுகிறது. இந்தத் தழும்பை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறோம், பின்னால் தேவைப்படும்.

மடியில் கற்ற அந்த இலத்தீனும் கடல் கடந்தபின் குறையுள்ளதாயிற்று. இத்தாலியர் தம் ஆப்பிரிக்க உச்சரிப்பில் குறை கண்டதை, மிலான் காலத்து உரையாடல் நூல் ஒன்றில் அவரே குறிப்பிடுகிறார். பேரரசின் தலைநகரில் நாவன்மை கற்பிக்கும் பேராசிரியருக்கே ஒலி திருத்தம்! வடபுலத்து அலுவலகங்களில் நம் இந்தி உச்சரிப்பைக் கேட்டுப் புன்னகைப்போரை அறிந்த நமக்கு இதற்கு உரை வேண்டா.

மோனிக்கா அம்மையாரும் மகனைத் தொடர்ந்து கடல் கடந்து மிலானுக்கு வந்து சேர்ந்தார். ஆப்பிரிக்காவில் வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் ரொட்டியும் திராட்சை மதுவும் கொண்டுபோய்ப் படைத்துப் பகிர்ந்துண்பது வழக்கம். மிலானிலும் அம்மையார் கூடையோடு போனார். வாயிற்காவலர் தடுத்தார், ஆயர் அம்புரோசியார் அதை விலக்கியிருந்தார். அம்மையார் முணுமுணுக்காமல் திரும்பி, அடுத்த முறை உணவுக்கூடைக்குப் பதிலாக வேண்டுதல் நிறைந்த நெஞ்சோடு சென்றார் என்று ஆறாம் புத்தகம் கூறுகிறது. கதை அங்கு முடிந்திருந்தால் அது ஒரு நல்லொழுக்கக் கதையாக நின்றிருக்கும். மகன் மேலும் ஒரு வரி சேர்க்கிறார்: அம்மா அம்புரோசியாரிடம் அன்பு வைத்திருந்தார், வேறு எவரேனும் தடுத்திருந்தால் அவ்வழக்கத்தை இவ்வளவு எளிதில் விட்டிருப்பாரோ என்பது ஐயமே. தாயை உள்ளபடி அறிந்த மகன் எழுதிய வரி அது.

இன்னொன்று. சனிக்கிழமையில் நோன்பு இருப்பதா வேண்டாவா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறியிருந்தது. மிலானில் நோன்பு இல்லை என்று கண்ட அம்மையார் கலங்கினார். மகன் அக்காலத்தில் இத்தகையவற்றைப் பொருட்படுத்தாதவர். எனினும் தாய்க்காக ஆயரிடம் சென்று கேட்டார். உரோமையில் இருக்கும்போது சனிக்கிழமை நோன்பு இருப்பதாகவும், மிலானில் இருக்கும்போது இருப்பதில்லை என்றும், சென்ற ஊர்த் திருச்சபையின் வழக்கத்தையே பின்பற்றலாம் என்றும் அம்புரோசியார் விடை தந்தார். யனுவாரியுஸ் என்பவருக்கு எழுதிய 54-ஆம் கடிதத்தில் இது உள்ளது. உரோமையில் உரோமரைப் போல் நட என்று உலகெங்கும் வழங்கும் பழமொழிக்கு இதையே மூலமாகக் காட்டுவர். ஊர் விட்டு ஊர் வந்த ஒரு தாயின் கலக்கத்தில் அது பிறந்தது என்பதைப் பழமொழி சொல்வோர் அறியார்.

நூலின் உச்சம் எது என்று கேட்டால், மிலான் தோட்டத்தில் உள்ளம் திரும்பிய எட்டாம் புத்தகத்தையே பலரும் காட்டுவர். நம் தீர்ப்பு வேறு. ஒன்பதாம் புத்தகத்தில் வரும் ஓஸ்தியாத் துறைமுகமே உச்சம். திருமுழுக்குப் பெற்றபின் குடும்பம் ஊர் திரும்பப் புறப்பட்டு, உரோமைக்கு அருகே அத்துறைமுகத்தில் தங்கியிருக்கிறது. ஒரு நாள் தாயும் மகனும் தோட்டத்தை நோக்கிய சன்னலில் சாய்ந்து நின்று பேசுகிறார்கள். பேச்சு மேலேறி மேலேறி, சொல் தீர்ந்து போகும் இடம்வரை செல்கிறது. சில நாளில் அம்மையார் காய்ச்சலில் விழுகிறார். கணவருக்கு அருகிலேயே தமக்கும் கல்லறை இடம் பார்த்து வைத்திருந்தவர் அவர். அயல் மண்ணில் அன்றிச் சொந்த ஊரில் கண்மூடினால் நல்லது என்று இன்னொரு மகன் சொல்ல, அம்மையார் அவரைக் கடிந்து பார்க்கிறார். இவ்வுடலை எங்கு வேண்டுமானாலும் புதைக்கலாம், அதைப் பற்றிய கவலை வேண்டா, எங்கிருந்தாலும் இறைவனின் பீடத்தருகே தம்மை நினைத்துக்கொண்டால் போதும் என்கிறார். அப்போது அவருக்கு வயது 56, அகுஸ்தீனாருக்கு 33.

நம் சங்கங்களில் மூத்தவர் ஒருவர் மறைந்தால் ‘ஊருக்குக் கொண்டு போகவில்லையா?’ என்ற கேள்வி எழாத வீடு உண்டா? விமான நிலையச் சரக்குப் பிரிவில் பெட்டிக்காகக் காத்து நின்றவர்கள் ஓஸ்தியாப் பகுதியைக் கண்ணீரின்றிப் படிக்க இயலாது. அகுஸ்தீனாரோ அன்று அழாமல் அடக்கிக்கொண்டார். மகன் அதேயோதாத்துஸ் வாய்விட்டு அலறியபோது அவனையும் அடக்கினார்கள். குளித்தால் துயர் தீரும் என்று கேட்டிருந்தபடி குளித்தும் தீரவில்லை. உறங்கி எழுந்து, அம்புரோசியார் இயற்றிய மாலைப் பாடல் ஒன்று நினைவுக்கு வர, அதன்பின் தனியே அழுகிறார். தாய்க்காகச் சிறிது நேரம் அழுததைக் குற்றம் என்று கருதுவோர் கருதட்டும் என்று எழுதுகிறார். 1945-இல் ஓஸ்தியாவில் ஆலயம் ஒன்றின் அருகே விளையாட்டுக்காகக் கம்பம் நட இரு சிறுவர் குழி தோண்டியபோது, மோனிக்காவின் கல்லறைக் கல்வெட்டின் உடைந்த துண்டு வெளிப்பட்டது. அந்த அயல் மண் அவரை 1,500 ஆண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருந்தது.

இனிக் குறைகளையும் கூற வேண்டும். அகுஸ்தீனாரோடு பல ஆண்டு வாழ்ந்து, அதேயோதாத்துஸைப் பெற்ற பெண்ணின் பெயர் நூலில் எங்கும் இல்லை. அம்மகனின் பெயருக்கு இறைவன் தந்தவன் என்று பொருள். நம் ‘தேவதத்தன்’ அதே பொருளினது. செல்வக் குடும்பத்தில் பெண் பார்த்து நிச்சயித்ததும் இப்பெண்ணை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு ஆணை நாடேன் என்று நேர்ந்துகொண்டு, மகனை விட்டுவிட்டு அவள் போனாள். தம் நெஞ்சு கிழிந்து குருதி வடிந்ததாக எழுதும் அகுஸ்தீனார், நிச்சயித்த பெண் மண வயதை எட்ட இரண்டாண்டு இருந்ததால் இடையில் வேறொரு பெண்ணையும் சேர்த்துக்கொண்டார். தாய்க்கு ஒரு புத்தகத்தின் பாதியைக் கொடுத்தவர் இவளுக்குச் சில வரிகளே கொடுத்தார். அவளைக் காப்பதற்காகவே பெயரை மறைத்தார் என்று சிலர் அமைதி கூறுவர். அவ்வாறு கொண்டாலும், மகனை விட்டுச் சென்ற தாய் என்னவானாள் என்ற கேள்விக்கு நூல் விடை தராதது தராததே.

பெரிய குறை வேறொன்று. ஆப்பிரிக்கக் கிறித்தவர் அப்போது இரண்டாகப் பிளவுபட்டிருந்தனர். தொனாத்தியர் என்ற பிரிவினர், 303-இல் பேரரசர் தியோக்ளேசியன் தொடங்கிய கொடுமையின்போது மறைநூல்களைப் பகைவரிடம் ஒப்படைத்த குருக்களின் வழிவந்தோரை ஏற்க மறுத்துத் தனித்து நின்றவர்கள். அவர்களுள் வன்முறையாளரும் இருந்தனர். அகுஸ்தீனாரின் தோழர்களே தாக்கப்பட்டதுண்டு. தொடக்கத்தில் அவர், எவரையும் கட்டாயப்படுத்தலாகாது, சொல்லாலும் வாதத்தாலுமே வெல்ல வேண்டும் என்றார். 405-இல் பேரரசின் சட்டம் தொனாத்தியர் மீது பாய்ந்தது. ஏறத்தாழ 408-இல் விஞ்சென்சியுஸ் என்பவருக்கு எழுதிய 93-ஆம் கடிதத்தில், தம் பழைய கருத்தை மாற்றிக்கொண்டதை அவரே விளக்குகிறார். சட்டத்திற்கு அஞ்சி வந்தவர்கள் பின்னர் மனமுவந்து நிலைத்தார்கள் என்பது அவர் வாதம். முதற் சான்றாக அவர் காட்டும் ஊர் எது தெரியுமா? தாம் பிறந்த ஊரே.

கொலைத் தண்டனையை அவர் ஏற்கவில்லை. ஏறத்தாழ 411-இல் மார்செல்லீனுஸ் என்னும் அரசு அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், குற்றம் செய்த தொனாத்தியரைக் கொல்லாது விடுமாறு மன்றாடுகிறார். விசாரணையில் இரும்புக் கொக்கியும் நெருப்பும் பயன்படுத்தாமல் பிரம்படியோடு நிறுத்தியதற்காக அந்த அதிகாரியைப் பாராட்டவும் செய்கிறார். ஆசிரியர்களும் பெற்றோரும் ஆயர்களும்கூடக் கையாளும் முறைதானே அது என்கிறார். வாசகர் அந்தத் தழும்பை நினைவுகூர வேண்டிய இடம் இது. அடிபட்ட சிறுவன் கையில் பிரம்பு வந்து சேர்ந்துவிட்டது. முரண்பாடு என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. ஏனெனில் முதற் புத்தகத்திலேயே, ஆர்வமே வலிது என்று கூறிய கையோடு, அவ்வார்வத்தின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அச்சமும் இறைவனின் ஒழுங்கில் ஒரு மருந்தே என்று அவர் சேர்த்திருக்கிறார். வித்து அங்கேயே இருந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் சமயத்தின் பெயரால் வன்கண்மை செய்தோர் அக்கடிதங்களை ஆதாரமாகக் காட்டினர். அகுஸ்தீனாரைப் போற்றி எழுதுவோர் பலர் இதைத் தாவிச் செல்வது நமக்கு உடன்பாடன்று. ஆர்வத்தைப் பற்றிய அவர் சொல்லே உண்மை என்றும், கடிதங்களில் அவர் அதைக் கைவிட்டார் என்றும் நாம் கருதுகிறோம்.

மேடையில் நின்ற அகுஸ்தீனாரோ இன்னொருவர். அவர் மறையுரைகளைச் சுருக்கெழுத்தர்கள் அவ்வப்போதே எடுத்து எழுதினர்; ஆகவே மக்களின் ஆரவாரமும் அவருடைய களைப்பும்கூட ஆங்காங்கே பதிந்துள்ளன. ஓர் எடுத்துக்காட்டு தருவோம். குறில் நெடில் அறிந்த தமிழருக்கு இது உடனே விளங்கும். இலத்தீனில் ‘ஒஸ்’ என்று குறிலாகச் சொன்னால் எலும்பு. ‘ஓஸ்’ என்று நெடிலாகச் சொன்னால் வாய். ஆப்பிரிக்க மக்களின் செவிக்கு அவ்வேறுபாடு பிடிபடாது. திருப்பாடல் ஒன்றில் எலும்பு என்று வரும் இடத்தை அவர்கள் வாய் என்று கொண்டுவிடுவர். என்ன செய்வது? இலக்கணத்தார் இகழும் ‘ஒஸ்ஸும்’ என்ற கொச்சை வடிவத்தையே சொல்லிவிடலாம் என்கிறார், நாவன்மைப் பேராசிரியராக இருந்தவர். மக்களுக்கு விளங்காமற் போவதைவிடப் புலவர் திட்டுவது மேல் என்பது அவர் கொள்கை. பியூனிக் மொழிப் பெயர்களை எள்ளி நகையாடிய மதௌரா நகர அறிஞர் மாக்ஸிமுஸுக்கு எழுதிய 17-ஆம் கடிதத்தில், ஆப்பிரிக்க மண்ணில் பிறந்துகொண்டு அம்மண்ணின் மொழியை இழிக்கலாமா என்று சினந்து கேட்டவரும் இவரே.

புதியவருக்கு நம் ஆலோசனை இது. ‘ஒப்புதல்க’ளின் முதல் புத்தகத்தைப் படித்தவுடன் ஒன்பதாம் புத்தகத்திற்குச் சென்றுவிடலாம். நான்காம் புத்தகத்தில் பெயர் சொல்லப்படாத நண்பன் இறந்தபின் ஊரே அவருக்குச் சிறையான பகுதியைத் தவறவிடலாகாது. பத்தாம் புத்தகம் நினைவாற்றலைப் பற்றியது, பதினொன்றாம் புத்தகம் காலத்தைப் பற்றியது. இவை மெல்லப் படிக்கத் தக்கவை. கடைசி இரண்டும் தொடக்க நூலின் முதல் பகுதிக்கு உரை, இப்போதைக்கு விட்டுவிடலாம். பைன்-காஃபின் 1961-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு ஓடுவது போல் படிக்கக் கிடைக்கும். 1991-இல் வந்த சாட்விக்கின் பெயர்ப்பு மூலத்திற்கு நெருங்கியது. 410-இல் உரோமை சூறையாடப்பட்டபின் எழுந்த ‘கடவுளின் நகரம்’ 22 புத்தகங்கள் கொண்ட பெருங்காடு. முதலில் அதனுள் நுழைந்தவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. மாறாக ‘ஆசிரியர்’ என்னும் சிறு உரையாடலை எடுக்கலாம். சொற்களால் ஒருவர் மற்றவருக்கு எதையேனும் கற்பித்துவிட முடியுமா என்று தந்தையும் மகனும் வாதிடுகிறார்கள். மகன் அதேயோதாத்துஸ், அப்போது ஏறத்தாழ பதினாறு வயது. அதில் மகன் வாயில் வரும் கருத்துகள் யாவும் உண்மையில் அவனுடையவையே என்று தந்தை பின்னர் உறுதி கூறினார். அவ்வுறுதியை எழுதும்போது மகன் உயிரோடில்லை.

தள்ளாத வயதில், 426-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அகுஸ்தீனார் செய்த ஒரு செயல் கோப்புகளோடு வாழும் நம் போன்றோரின் நெஞ்சைத் தொடுவது. தாம் எழுதிய நூல்களை எல்லாம் கால வரிசையில் எடுத்துவைத்து, இது எப்போது எதற்காக எழுதியது, எங்கு இன்று உடன்பாடில்லை என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதினார். 93 நூல்கள், 232 புத்தகங்கள் என்று கணக்கும் கொடுத்தார். அதன்பின் கடிதங்களையும் மறையுரைகளையும் அவ்வாறே பார்க்க எண்ணியவர், முடிக்கு முன் காலமானார். அதனால்தானோ என்னவோ, அவை இன்னும் புதிதாகக் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. யோஹான்னஸ் திவ்யாக் என்ற ஆஸ்திரிய அறிஞர் கண்டெடுத்த கடிதங்கள் 1981-இல் அச்சாயின; 1990-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகர நூலகத்தில் பிரான்சுவா தொல்போ 26 மறையுரைகளைக் கண்டறிந்தார்.

திவ்யாக் கண்டெடுத்தவற்றுள் பத்தாவது கடிதம், அகுஸ்தீனார் தம் இறுதி ஆண்டுகளில் இளமைத் தோழர் அலீப்பியுஸுக்கு எழுதியது. அடிமை வணிகர் ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் புகுந்து, உரிமையுள்ள மக்களைப் பிடித்துக் கப்பலேற்றி விற்கிறார்கள். பெற்றோர் வீட்டிலிருந்து தூக்கிச் செல்லப்பட்ட சிறுமி ஒருத்தியை அவரே விசாரித்திருக்கிறார். அவர் ஊரில் இல்லாத வேளையில் ஹிப்போ மக்கள் கப்பலிலிருந்தும் மறைவிடத்திலிருந்தும் ஏறத்தாழ 120 பேரை விடுவித்தனர். வணிகரைத் தண்டிக்கப் பேரரசரின் சட்டம் ஏற்கெனவே உண்டு. ஆனால் அது விதிக்கும் தண்டனை ஈயக் குண்டு கோத்த சாட்டையடி. அதில் மனிதர் செத்துப் போவார்களே என்று அஞ்சி, அச்சட்டத்தை முழுமையாக வெளிப்படுத்தத் தயங்குகிறார் முதிய ஆயர். சட்டத்தைக் கொண்டு மக்களை மீட்க வேண்டும், அந்தச் சாட்டை மட்டும் எழக்கூடாது. இதற்கு மேலிடத்தில் வழி உண்டா என்று பார்க்குமாறு இத்தாலியில் இருந்த தோழரைக் கேட்டு எழுதுகிறார்.